பெரியப்பா எடுத்துவைத்த சூரியகாந்தி விதை

ஆடி பிறந்துவிட்டால் சுந்தரபாண்டியபுரம் ரோட்டில் டூவீலர் ஓட்டுவதே பெரும்பாடு. குற்றாலத்தில் குளித்த கூட்டம் ஈரத்தலையோடு நேராக இங்கேதான் வரும், பாதிக்கு மேல் கேரளா வண்டிகள். வயலுக்குள் இறங்கி, பூவைக் கன்னத்தோடு ஒட்டிவைத்து ஒரு செல்ஃபி, வரப்பில் நடந்து ஒரு ரீல். சாயங்காலம் வருகிறவர்களுக்குத்தான் ஏமாற்றம். மொட்டாக இருக்கும்போது சூரியனைத் தொடர்ந்து திரும்புகிற சூரியகாந்தி, பூத்து முற்றியதும் கிழக்கே பார்த்து நின்றுவிடும். மாலை வெயிலில் படம் எடுக்கிறவர்களுக்கு அழகான வெளிச்சமும் பூவின் முதுகும்தான் கிடைக்கும்.

நான் சொல்ல வந்தது அந்தப் பூவின் முகத்தைப் பற்றி இல்லை, அது எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி. அதற்கு எங்கள் பெரியப்பா செய்த ஒரு காரியத்திலிருந்து தொடங்குவதுதான் வசதி.

பெரியப்பாவுக்கு சுரண்டைக்குக் கிழக்கே செவல் நிலம், கிணற்றுப் பாசனம். ஒரு வருடம் கம்பெனி ஹைபிரிட் விதை, அதாவது இரண்டு வேறுபட்ட பெற்றோரைக் கலந்து உண்டாக்கிய வீரிய ஒட்டு விதை, வாங்கிப் போட்டு நன்றாக விளைந்தது. மறு வருடம் விதைக்கடைக்குப் போகாமல், அந்த விளைச்சலிலேயே திரட்சியான விதையாகப் பார்த்து எடுத்துக் காயவைத்து விதைத்துவிட்டார். நெல்லில் அப்படித்தானே செய்கிறோம் என்பது அவர் கணக்கு. பூக்கிற நேரத்தில் எனக்கு ஃபோன் வந்தது.

"எய்யா, நாலு செடிக்கு ஒரு செடியில பூவுல பொடியே இல்ல பாத்துக்க. கைய வச்சுத் தடவுனா ஒண்ணும் ஒட்ட மாட்டேங்கு. இன்னும் சில செடி ஒத்தப் பூவு பூக்காம ஏழெட்டுக் குட்டிப் பூவா கிளை விட்டு நிக்கி. ஒரு செடி என் நெஞ்சுக்கு நிக்கி, பக்கத்துச் செடி முட்டிக்கு மேல வரல. மருந்து எதுவும் மாத்தி அடிச்சிட்டமோ?"

மருந்து மாறவில்லை. அவர் பார்த்த அந்த மூன்று விஷயங்களும், அதாவது பொடி இல்லாத பூ, கிளைவிட்ட செடி, ஏறுக்குமாறான உயரம் மூன்றுமே, அந்த ஹைபிரிட்டை உருவாக்கியவர்கள் உள்ளே ஒளித்து வைத்திருந்த சமாச்சாரங்கள். ஒரு தலைமுறை தாண்டியதும் வெளியே வந்துவிட்டன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் பூவையே கிட்டத்தில் பாருங்கள். நாம் ஒரு பூ என்று சொல்வது ஒரு பூ இல்லை. ஓரத்தில் மஞ்சள் இதழாகத் தெரிபவை மலட்டுப் பூக்கள், பூச்சியைக் கூப்பிடுவதற்கு மட்டும். நடுவில் இருக்கிற தட்டில்தான் ஆயிரம், இரண்டாயிரம் குட்டிப் பூக்கள் நெருக்கி உட்கார்ந்திருக்கும், ஒவ்வொன்றும் ஒரு விதை ஆக வேண்டியது. இந்த மொத்தத்தையும் வேளாண் துறைக்காரர்கள் கொண்டை என்பார்கள். வெளி வட்டத்திலிருந்து உள்ளே தினமும் சில வரிசையாக மலர்ந்துகொண்டே போகும், முடிய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஒவ்வொரு குட்டிப் பூவிலும் முதல் நாள் மகரந்தம் வெளியே வரும், சூல்முடி அடுத்த நாள்தான் விரியும். போதாததற்கு, தன் மகரந்தத்தைத் தானே லேசில் ஏற்றுக்கொள்ளாத குணமும் இந்தச் சாதிக்கு உண்டு. ஆக இயற்கையிலேயே அயல் சம்பந்தம் தேடுகிற செடி.

இப்படிப்பட்ட செடியில் ஹைபிரிட் விதையை ஏக்கர் கணக்கில் உண்டாக்குவது எப்படி? தாய்ச்செடியின் மகரந்தத்தை முதலில் ஒழிக்க வேண்டும். இரண்டாயிரம் குட்டிப் பூவிலும் இடுக்கி வைத்து மகரந்தப்பையைப் பிடுங்குவது ஆராய்ச்சிக்கு நாலைந்து செடியில் நடக்கும், வியாபாரத்துக்கு நடக்காது. ஜிப்ரலிக் அமிலம் தெளித்து மகரந்தத்தை மலடாக்கலாம், அதுவும் ஆராய்ச்சிப் பாத்தியோடு சரி. பிறவியிலேயே மகரந்தம் இல்லாத தாய் கிடைத்தால்தான் காரியம் ஆகும்.

அந்தத் தாயைக் கண்டுபிடித்தவர் பிரான்சைச் சேர்ந்த பத்ரீஸ் லெக்ளேர். ஹெலியாந்தஸ் பெட்டியோலாரிஸ் என்ற காட்டுச் சூரியகாந்தியைத் தாயாக வைத்து, பயிர்ச் சூரியகாந்தியின் மகரந்தத்தைக் கொடுத்து, வந்த சந்ததியைத் திரும்பத் திரும்பப் பயிர்ச் சூரியகாந்தியோடேயே சேர்த்துக்கொண்டு போனபோது, சில செடிகளில் மகரந்தமே இல்லை. 1969ல் இதை வெளியிட்டார். விஷயம் இதுதான்: செல்லின் நடுவில் இருக்கிற உட்கரு முழுக்கப் பயிர்ச் சூரியகாந்தியுடையதாக மாறிவிட்டது, ஆனால் மைட்டோகாண்ட்ரியா மட்டும் காட்டுப் பாட்டியுடையது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியில் மட்டும்தான் வரும். அதிலிருந்த ஒரு புது மரபணு, மகரந்தம் வளரும்போது அதற்குச் சோறூட்டுகிற செல் அடுக்கை அவசரமாகச் சாகவைத்துவிடுகிறது. சோறு இல்லாமல் மகரந்தம் உருவாவதில்லை. செடியின் மற்ற எல்லாமே சரியாக இருக்கும், சூலகம் உட்பட.

மகரந்தம் இல்லாத தாய் கிடைத்துவிட்டது, நல்லது. ஆனால் அவள் பெறுகிற பிள்ளைக்கும் மகரந்தம் இருக்காதே, அதே மைட்டோகாண்ட்ரியாதானே போகும்? விவசாயி வயலில் எல்லாமே மலட்டுப் பூவாக நின்றால் விதை எப்படிப் பிடிக்கும்? இங்கே அமெரிக்காவில் டெக்சாசில் வேலை பார்த்த கின்மன் வருகிறார். இந்த மலட்டுத்தன்மையை அமுக்கி மகரந்தத்தைத் திரும்பக் கொண்டுவருகிற மரபணு சில வரிசைகளின் (தலைமுறை தலைமுறையாகத் தனக்குள்ளேயே பெருக்கி எடுத்த செடிக் குடும்பங்களை வரிசை என்பார்கள்) உட்கருவில் இருப்பதை 1970ல் காட்டினார். பிரான்சில் பூட்டு, அமெரிக்காவில் சாவி, இரண்டுக்கும் நடுவே ஒரு வருடம். அடுத்த சில வருடங்களில் உலகத்துச் சூரியகாந்தி வயல்கள் ஹைபிரிட்டுக்கு மாறத் தொடங்கிவிட்டன.

ஆக மூன்று வரிசை வேண்டும். மகரந்தம் இல்லாத தாய், இதை ஏ வரிசை என்பார்கள். அவளுக்கு அச்சு அசலான இரட்டை, ஆனால் மைட்டோகாண்ட்ரியா மட்டும் சாதாரணமானது, அதனால் மகரந்தம் உண்டு, இது பி வரிசை. ஏ செடிக்கு பி மகரந்தம் கொடுத்தால் திரும்ப ஏ விதைதான் வரும், அப்படித்தான் தாய் வரிசையை அழியாமல் காப்பாற்றி வருகிறார்கள். மூன்றாவது, சாவி வைத்திருக்கிற தகப்பன், ஆர் வரிசை. ஏ-யும் ஆர்-உம் சேர்ந்தால் பாக்கெட்டில் வருகிற ஹைபிரிட் விதை.

பெரியப்பாவின் நாலில் ஒன்று கணக்கு இப்போது புரியும். ஹைபிரிட் செடி ஒவ்வொன்றிலும் தகப்பன் தந்த சாவி ஒன்று, தாய் தந்த வெற்றுப் பிரதி ஒன்று. அவை தங்களுக்குள் கலந்து விதை பிடிக்கும்போது நாலில் ஒரு விதைக்கு இரண்டு பக்கமும் வெற்றுப் பிரதியே வந்துவிடும். மைட்டோகாண்ட்ரியா எல்லாவற்றிலும் அதே காட்டுப் பாட்டியுடையது. சாவி இல்லை, பூட்டு இருக்கிறது, பொடி இல்லை. அந்தச் செடிகளில் விதை பிடிக்காமல் போகவில்லை, பக்கத்துச் செடி மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து போட்டால் பிடிக்கும். அவருக்கு நஷ்டம் வந்தது அதனால் மட்டும் இல்லை.

ஏழெட்டுக் குட்டிப் பூ விஷயமும் சுவாரசியமானது. பல ஆர் வரிசைகளை வேண்டுமென்றே கிளைவிடுகிற செடியாக வைத்திருப்பார்கள். ஒற்றைக் கொண்டை ஒரு வாரம், பத்து நாளில் மகரந்தத்தைக் கொட்டி முடித்துவிடும். பல கிளை, பல பூ என்றால் ஒன்றன்பின் ஒன்றாகப் பூத்து ரொம்ப நாள் மகரந்தம் தரும், தாய்ச்செடி நாலு நாள் முந்திப் பூத்தாலும் பிந்திப் பூத்தாலும் சமாளித்துக்கொள்ளலாம். அந்தக் கிளைக்குணம் ஒடுங்கிய குணம், அதனால் ஹைபிரிட் செடியில் வெளியே தெரியாது, ஒற்றைக் கொண்டைதான் வரும். பேரப்பிள்ளையில் தாத்தாவின் மூக்கு மாதிரி அடுத்த தலைமுறையில் எட்டிப் பார்க்கும். பெரியப்பா வயலில் நின்றவை அந்தத் தாத்தாவின் மூக்குகள்.

உயரம் ஏறுக்குமாறானதற்கும், காசு போனதற்கும் காரணம் வேறு. வீரிய ஒட்டு என்று தமிழில் அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்களே, அந்த வீரியம் எங்கிருந்து வருகிறது என்பது. ஒரு வரிசையை உண்டாக்க, நல்ல செடியின் கொண்டைக்குத் துணிப்பை மாட்டி, அதன் மகரந்தத்தை அதற்கே கொடுத்து, வந்த விதையை விதைத்து, திரும்பப் பை மாட்டி, இப்படி ஆறேழு தலைமுறை போவார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்பு பாதி பாதியாகக் குறையும், ஆறாவதில் அறுபத்துநாலில் ஒரு பங்குதான் மிச்சம். அதற்குள் செடி குறுகி, கொண்டை சிறுத்து, பார்க்கவே பாவமாக இருக்கும். பாதி வரிசைகள் வழியிலேயே கழிந்துபோகும். தாக்குப்பிடித்த இரண்டு நோஞ்சான் வரிசைகளைச் சரியாகச் சோடி சேர்த்தால் பிள்ளை இரண்டையும் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி வளரும். அடுத்த தலைமுறையில் அந்தக் கலப்பு பாதியாகிவிடும், வீரியமும் அந்த அளவுக்குச் சரியும். ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு சீட்டுக்கட்டு விழுந்திருக்கும், உயரமும் பூக்கிற நாளும் முற்றுகிற நாளும் ஆளுக்கொன்றாகப் போகும். கம்பெனி சூழ்ச்சி என்று நம் ஆட்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், சூழ்ச்சி இல்லை, மெண்டல் கணக்கு. கம்பெனிக்கு அந்தக் கணக்கு வசதியாக இருக்கிறது என்பதும் உண்மைதான். இன்னொன்று, ஹைபிரிட் என்றாலே மரபணு மாற்றிய பயிர் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், நம் வயலில் நிற்கிற சூரியகாந்தி எதுவும் அது இல்லை.

சோடி சேர்ப்பது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன், அங்கேதான் வருடக்கணக்கில் உழைப்பு போகிறது. பார்த்தவுடன் எந்தச் சோடி எடுபடும் என்று சொல்லவே முடியாது. பத்து தாய், பத்து தகப்பன் என்றால் நூறு சோடி, நூறையும் விதைத்து, அளந்து, எந்த வரிசை யாரோடு சேர்ந்தாலும் பொதுவாக நன்றாகப் பிள்ளை தருகிறது, எது குறிப்பிட்ட ஒருவரோடு மட்டும் பிரமாதப்படுத்துகிறது என்று கணக்குப் போடுவார்கள். வேளாண் கல்லூரியில் பயிர்ப்பெருக்கம் படித்த பிள்ளைகளைக் கேளுங்கள், இந்தச் சோடிச் சோதனையின் பெயரான லைன் × டெஸ்டர் என்றதும் வெயிலில் பை மாட்டிக் கழுத்து கருத்த கதையைச் சொல்வார்கள்.

இந்தக் கணக்குகள் திரும்பத் திரும்பக் காட்டுகிற ஒன்றுதான் இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது. மகசூலும் எண்ணெயும் ஒரே வழியில் பிள்ளைக்கு வருவதில்லை. மகசூல் பெருமளவு சோடிப் பொருத்தத்தில் வருவது, பெற்றோர் இருவரும் சுமாராக இருந்தும் பிள்ளை பின்னியெடுக்கும். எண்ணெய் அப்படி இல்லை. தாய் 36 சதவீதம், தகப்பன் 44 சதவீதம் என்றால் பிள்ளை 40ஐ ஒட்டித்தான் நிற்கும், அதிசயமெல்லாம் எதிர்பார்க்க முடியாது. எண்ணெய் பிறவிச் சொத்து, இரண்டு பக்கத்து வீட்டிலும் இருந்தால்தான் பிள்ளைக்கு. அதனால் மகசூலுக்கு நல்ல சம்பந்தம் தேடினால் போதும், எண்ணெய்க்கு முதலில் ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியாக உயர்த்தியாக வேண்டும்.

அந்த உயர்த்தும் வேலையை ஹைபிரிட் வருவதற்கு வெகு முன்பே செய்து காட்டியவர் ரஷ்யாவின் புஸ்தவோயித். வட அமெரிக்காவில் பிறந்து, ஸ்பானியர்களோடு ஐரோப்பாவுக்குப் போய், தோட்டத்துப் பூவாக இருந்த சூரியகாந்தி எண்ணெய்ப் பயிரானது ரஷ்ய மண்ணில்தான். கிராஸ்னதாரில் 1912 வாக்கில் வேலையைத் தொடங்கிய அவர், 30 சதவீதத்தைச் சுற்றி இருந்த எண்ணெயை 50ஐ ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தினார். மனிதர் செய்த வித்தை நம்ம வீட்டுப் பாட்டிகள் செய்வதுதான். நூற்றுக்கணக்கான கொண்டைகளைத் தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றின் விதையிலும் ஒரு பங்கை விதைத்துப் பார்த்து, மீதியைக் கையிருப்பாக உறையில் போட்டுவைத்தார். எந்தக் கொண்டையின் பிள்ளைகள் எண்ணெயிலும் மகசூலிலும் தேறியதோ, அதன் கையிருப்பு விதையை மட்டும் எடுத்து ஒன்றாக விதைத்துக் கலக்கவிட்டார். திரும்ப முதலிலிருந்து. பெரடோவிக் என்ற பெயர்பெற்ற ரகம் அந்தப் பட்டறையில் வந்தது.

அந்த எண்ணெய் உயர்வு எதில் வந்தது என்று உங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். நகைக்கடைத் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு இப்போது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. பத்து கிராம் விதையை எடுத்து, நகத்தால் பிளந்து, தோட்டை (விதையின் மேல்தோலை) ஒரு பக்கமும் பருப்பை ஒரு பக்கமும் வையுங்கள். கொறிக்கிற வரிவரி ரகமாக இருந்தால் தோடே நாலு கிராமைத் தாண்டும், எண்ணெய் ரகத்தில் இரண்டு, இரண்டரை. தோட்டில் எண்ணெய் ஒன்றும் பெரிதாகக் கிடையாது. தோடு 40 சதவீதம், பருப்பில் பாதி எண்ணெய் என்றால் முழு விதைக்கு 30 சதவீதம். தோடு 25ஆகக் குறைந்து, பருப்பில் எண்ணெய் 55 ஆனால் 41. புஸ்தவோயித் காலத்து உயர்வில் பெரும்பங்கு தோட்டை மெலியவைத்ததில் வந்ததுதான். ஆனால் தோட்டை எவ்வளவு மெலியவைப்பது? ரொம்ப மெலிந்தால் தட்டும்போதே உடையும், பருப்பு காற்றுப் பட்டுக் காறல் வாடை அடிக்கும், விதை முளைப்பும் போகும். அதற்கு மேல் பருப்புக்குள்ளேயே எண்ணெயை ஏற்றினால்தான் உண்டு, அதற்குப் புரதம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

எண்ணெய் செடிக்கு விலை கூடின சரக்கு என்பதும் இருக்கிறது. ஒரு கிராம் எண்ணெய் உண்டாக்க ஆகிற சர்க்கரை, ஒரு கிராம் மாவுச்சத்துக்கு ஆவதைப்போல் இரண்டரை மடங்கு. ஆகவே எடையையும் எண்ணெயையும் ஒரே நேரத்தில் கூட்டுவது கயிற்றில் நடக்கிற வேலை.

நம் நாட்டுக்கு வருவோம். சூரியகாந்தி எண்ணெய்ப் பயிராக இந்தியாவுக்கு வந்தது 1969ல், சோவியத் ரகங்களாக, அந்தப் பெரடோவிக்கும் அதில் ஒன்று. அவை ஹைபிரிட் இல்லை, தங்களுக்குள் தாராளமாகக் கலந்து பெருகுகிற ரகங்கள், தேனீ இல்லாவிட்டால் பாதிக் கொண்டை பொக்கு. அப்புறம் கனடாவிலிருந்து மார்டன் என்ற குட்டை ரகம் வந்தது, இடுப்பளவு உயரம், எண்பது எண்பத்தைந்து நாளில் அறுவடை, எண்ணெய் மட்டும் கொஞ்சம் குறைச்சல். பழைய ஆட்களுக்கு இன்னமும் சூரியகாந்தி என்றால் மார்டன்தான். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் கோ வரிசை ரகங்களைத் தந்தது. நாட்டின் முதல் ஹைபிரிட் பி.எஸ்.ஹெச்.-1, பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1980ல் வெளிவந்தது. தாய் சி.எம்.எஸ். 234 ஏ, தகப்பன் ஆர்.ஹெச்.ஏ. 274, இரண்டுமே அமெரிக்க வரிசைகள். அந்தத் தகப்பன் கிளைவிடுகிற வகை என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பின்னாளில் அதே தாய்க்கு வேறு தகப்பனைச் சேர்த்து வந்ததுதான் பேர்வாங்கிய கே.பி.எஸ்.ஹெச்.-1.

ஹைபிரிட்டில் நம்மூருக்கு வந்த பெரிய லாபம் வீரியம் மட்டும் இல்லை. பழைய ரகங்களின், தன் மகரந்தத்தை ஏற்காத குணத்தைத் தேர்ந்து தேர்ந்து குறைத்துவிட்டார்கள், தேனீ குறைந்தாலும் ஓரளவு தானே பிடித்துக்கொள்ளும். தென்காசி, சுரண்டை, ஆலங்குளம் பக்கம் இதன் அருமை தெரியும். சாரல் காலத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று காற்றாலையைச் சுற்றவைக்கிற காற்று, ஆளையே தள்ளும். காற்றும் தூறலும் உள்ள நாளில் தேனீ கூட்டைவிட்டுக் கிளம்பாது. பூக்கிற பத்து நாளில் ஐந்து நாள் அப்படிப் போய்விட்டால், கொண்டையின் நடுவில் பெரிய வட்டத்துக்குப் பொக்கு விதைதான். அதே காற்றில் ஆளுயரச் செடி சாய்ந்தும் போகும், அதனால் ரகத் தேர்வில் தண்டு உயரமும் பார்க்கிறார்கள்.

கொண்டை எப்படித் தலைகுனிகிறது என்பதைக்கூடப் பார்க்கிறார்கள். வானத்தைப் பார்த்து நிற்கிற கொண்டையில் தண்ணீர் தேங்கி அழுகும், கிளிக்குச் சாப்பாட்டு மேசை போட்டுக் கொடுத்த மாதிரி. குடை மாதிரி கவிழ்ந்து, உள்பக்கம் கொஞ்சம் குழிந்து இருந்தால் கிளி உட்கார்ந்து கொத்தச் சிரமப்படும். கிளியும் லேசுப்பட்டது இல்லை, தலைகீழாகத் தொங்கிக் கொத்துவதை நானே பார்த்திருக்கிறேன்.

மகசூலைக் கொஞ்சம் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஹைபிரிட்டுக்கு வரிசைக்கு வரிசை இரண்டடி, செடிக்குச் செடி ஓரடி என்று விட்டால் ஏக்கருக்கு 22,000 செடி வரை நிற்கும், விதை இரண்டு கிலோ போதும். கொண்டைக்கு 600 விதை நிறைந்து, நூறு விதை 5 கிராம் என்றால் ஒரு கொண்டையில் 30 கிராம், ஏக்கருக்கு 660 கிலோ. இதில் எதைக் கூட்டுவது? செடியை நெருக்கினால் கொண்டை சிறுக்கும். கொண்டையைப் பெரிதாக்கினால் நடு பொக்காகும், தண்டு ஒடியும். விதையைப் பெரிதாக்கினால் தோடும் சேர்ந்து தடிக்கும், எண்ணெய் இறங்கும். அதனால் இருக்கிற இரண்டாயிரம் குட்டிப் பூவில் எத்தனை விதையாக நிறைகிறது என்பதில்தான் நல்ல ஹைபிரிட்டின் சாமர்த்தியம். அதே 660 கிலோவில் எண்ணெய் 36 சதவீதமாக இருந்தால் 238 கிலோ, 42 ஆக இருந்தால் 277 கிலோ. ஏக்கருக்கு 39 கிலோ எண்ணெய் வித்தியாசம், உழவு, உரம், தண்ணீர் எதுவும் கூடாமல்.

நம் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. கொண்டையில் இதழ் விரியும்போது லிட்டருக்கு 2 கிராம் போராக்ஸ் கரைத்துக் கொண்டை நனையத் தெளித்தால் விதை பிடிப்பு கூடும். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள், மகரந்தம் உலர்ந்து உதிர்கிற நேரத்தில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் மெல்லிய துணி சுற்றிய கையால் கொண்டையைத் தடவிவிடச் சொல்வார்கள், பக்கத்துப் பக்கத்துக் கொண்டைகளை லேசாக உரசவும் செய்யலாம். யூரியாவை அள்ளிப் போடுவதில் நம் ஆட்களுக்கு இருக்கிற பிரியம் எண்ணெய்க்கு எதிரி, செடி பச்சையாகக் கொழிக்கும், விதையில் புரதம் ஏறி எண்ணெய் சதவீதம் இறங்கும். பால் பிடித்து முற்றுகிற காலத்தில் வெயில் கொளுத்தினாலும் அப்படித்தான், அளவும் குறையும், எண்ணெயின் குணமும் மாறும், எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களில் லினோலியிக் குறைந்து ஒலியிக் கூடும்.

குணம் என்று சொன்னதும் ஒரு கிளைக்கதை. எண்ணெய்ச் சட்டியில் திரும்பத் திரும்பக் காய்ச்சினாலும் சீக்கிரம் கெடாதது ஒலியிக் அதிகமுள்ள எண்ணெய். 1976ல் சோவியத்தில் சல்தாத்தவ் என்பவர் ஒரு ரகத்தின் விதையை ரசாயனத்தில் ஊறவைத்து, வந்த பிறழ்வுகளில் தேடி, பெர்வெனெட்ஸ் என்ற ரகத்தை எடுத்தார். இன்றைக்கு உலகில் 80 சதவீதத்துக்கு மேல் ஒலியிக் உள்ள ஹைபிரிட்டுகள் பெரும்பாலும் அதன் வம்சம். தேடுகிற முறையும் கெட்டிக்காரத்தனமானது. விதையின் பருப்பில் முளைக்குருத்து இல்லாத முனையிலிருந்து ஒரு துணுக்கு வெட்டி எடுத்து அதில் கொழுப்பு அமிலத்தைப் பார்ப்பார்கள், மீதி விதையை விதைப்பார்கள். சோதனையும் ஆகும், செடியும் வரும்.

இவ்வளவு வித்தை நடந்தும் நாட்டில் சூரியகாந்தி சுருங்கிக்கொண்டே போகிறது. 1993-94ல் 26 லட்சம் ஹெக்டேரைத் தாண்டி நின்ற பயிர், இப்போது சில லட்சமாகச் சுருங்கிவிட்டது. எண்ணெய் லட்சக்கணக்கான டன்னாகக் கப்பலில் வருகிறது, 2022ல் உக்ரைனில் சண்டை மூண்டதும் நம் மளிகைக்கடையில் பாக்கெட் விலை எகிறியது ஞாபகம் இருக்கும். நோயும் ஒரு காரணம். 1997ல் கர்நாடகத்தில் பாகேபள்ளிப் பக்கம் தென்பட்ட நெக்ரோசிஸ் என்ற வைரஸ் நோய், கொண்டையைத் திருகிக் கருக்கிவிடும். இலைப்பேன் கொண்டுவருகிறது, ரோட்டோரத்துப் பார்த்தீனியம் தான் வாடாமல் அதை வளர்த்து வைத்திருக்கிறது. எதிர்ப்புக்குக் காட்டுச் சாதிகளில் தேடுகிறார்கள். காட்டுப் பாட்டியிடம் திரும்பப் போக இன்னொரு காரணமும் உண்டு: உலகத்து ஹைபிரிட் எல்லாம் ஏறக்குறைய லெக்ளேர் கண்டுபிடித்த அந்த ஒரே மைட்டோகாண்ட்ரியாவின் மேல் நிற்கின்றன. மக்காச்சோளத்தில் இப்படி ஒரே தாய்வழியை நம்பியிருந்த அமெரிக்கா 1970ல் இலைக்கருகல் நோய் பரவி விளைச்சலைப் பெரிதாக இழந்தது.

ஆனால் எங்கள் ஊரில் நிற்கிறவனுக்கு வேறொரு காரணம் கண்ணில் படுகிறது. கமிஷன் கடையில் அண்ணாச்சி மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளுவார். உள்ளங்கையில் பரப்பி ஊதுவார், பொக்கு பறக்கும். நாலு விதையைப் பல்லில் கடித்து ஈரம் பார்ப்பார். அவ்வளவுதான் பரிசோதனை, பிறகு எடை. 36க்கும் அதே விலை, 42க்கும் அதே விலை. அந்த 39 கிலோ எண்ணெய் ஆலைக்காரருக்குப் போகிறது. ஆராய்ச்சி நிலையத்தில் விதையை உடைக்காமலே எண்ணெய் அளக்கிற என்.எம்.ஆர். மெஷின் இருக்கிறது, நம் கடையில் பல்லும் ஊதலும். எடைக்கு மட்டும் காசு என்றால் விவசாயி எடை தருகிற ஹைபிரிட்டைத்தான் கேட்பான், கம்பெனியும் அதைத்தான் விற்கும். இரண்டு பக்கத்து வரிசையிலும் எண்ணெயை ஏற்றுகிற அந்த நீளமான வேலைக்கு, கீழே இருந்து யாரும் கேட்டு அனுப்பவில்லை.

பெரியப்பா இந்த வருடம் புது விதை வாங்கப் போகும்போது நானும் கூடப் போனேன். எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லியிருந்தேன், தாத்தா மூக்கு வரைக்கும். கடைக்காரரிடம் எடுத்தவுடனே, "எண்ணெய் எம்புட்டு நிக்கும் தம்பி இதுல?" என்று கேட்டார். கடைக்காரர் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். முளைப்புத்திறன் குறைந்தது 70 சதவீதம், இனத்தூய்மை, புறத்தூய்மை, லாட் நம்பர், சோதித்த தேதி, காலாவதி தேதி. இன்னொரு தடவை முன்பக்கம் திருப்பினார். பெரிய மஞ்சள் பூ, மகசூல் பற்றி ஒரு வரி.

"எண்ணெய் போடலியே அண்ணாச்சி. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

பெரியப்பா இரண்டு கிலோ வாங்கிக்கொண்டார்.